செத்தும் உழைக்கும் பாக்டீரியா

செத்த பாக்டீரியா வேலை செய்யும் என்றால் சிரிப்பு வரும். ஆனால் செய்கிறது. அஜினோமோட்டோ உப்புக்கான குளுட்டமேட்டை நொதிக்கவைத்துத் தருவது கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம். குளுட்டமேட்டை எடுத்தபின் ஆலைக்கு அது வெறும் செத்த சக்கை. தென்கொரியாவில் கே. விஜயராகவனும் அவருடன் ஆய்ந்த யுன்னும் இதே பாக்டீரியாவின் நொதிப்புச் சக்கையைச் சாயநீரில் போட்டுப் பார்த்தார்கள். ரியாக்டிவ் பிளாக் 5 என்ற சாயம் பற்றிய அவர்கள் கட்டுரை 2007இல் வந்தது.

நான் ரசிப்பது அதன் எளிமையை. நீரில் அமிலம் கூடினால் செல்சுவரின் அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறும். எதிர்மின் சாயம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். காரம் சேர்த்தால் பிடி தளரும், சக்கையை மறுபடி பயன்படுத்தலாம். தீனி வேண்டாம், விஷத்துக்கும் அஞ்சாது. செத்ததுதானே!

கலவைச் சாயம்தான் சோதனை. முதல் பந்திக்கு முண்டுகிறவர்கள்போல எல்லாச் சாயமும் ஒரே இடத்துக்கு மோதும். தோற்றது நீரிலேயே நிற்கும். திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவோ கலவை, காரத்தன்மை வேறு. அமிலம் ஊற்றச் செலவாகும். நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் பெரும்பங்கு சாயமேற்றச் சேர்க்கும் உப்புக்கு. அதை இந்தச் சக்கை தொடாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதற்கும் அந்தக் கழிவுநீரே காரணம். நிறம் நீக்க இது கெட்டிக்கார ஆள்; உப்புக்குச் சவ்வும் ஆவியாக்கியும்தான் வேண்டும்.