என் பீட்சா மதிப்பெண் பட்டியலை வாபஸ் வாங்குகிறேன்

மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்கே ஒரு பட்டியல் போட்டிருந்தேன், பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நான் இருக்கும் நியூ ஜெர்சி ஊரைச் சுற்றி இருபது மைலுக்குள் பதினோரு பீட்சா கடைகள். மாவு, சாஸ், சீஸ், வேக்காடு, விலை என்று ஐந்து தலைப்பில் மதிப்பெண். எக்செல் ஷீட்டில் கூட்டி வரிசைப்படுத்தியது. முதலிடம், விறகடுப்பு வைத்த ஒரு நேப்பிள்ஸ் பாணிக் கடைக்கு. கடைசி இடம், எங்கள் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சாதாரண ஸ்லைஸ் கடைக்கு. "சீஸ் ரப்பர், ஓரம் அட்டை" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, தைரியமா உண்மையைச் சொல்லிட்டோம்னு.

போன மாசம் ஒரு பிறந்தநாள் விழாவில் தெரிந்தவர் ஒருவர், "ஸ்டேஷன் எதிர்ல இருக்கற கடைதானே? நீங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து அந்தப் பக்கமே போறதில்லைங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன்னா, இடைப்பட்ட காலத்தில் வேறு ஊர்களில் சாப்பிட்டு, கொஞ்சம் படித்து, அந்தப் பட்டியல் தப்பு என்று எனக்கே தெரிந்து போயிருந்தது. தெரிந்தும் சும்மா இருந்தேன்.

முதலில் என் அளவுகோல் எங்கிருந்து வந்ததுன்னு சொல்லணும். திருநெல்வேலிக்காரனுக்கு பீட்சா ஒன்றும் பாரம்பரியம் கிடையாது. பீட்சா ஹட்டும் டாமினோஸும் இந்தியாவுக்கு வந்தது 1996-ல். அதற்குச் சில வருஷம் கழித்து சென்னையில் வேலை கிடைத்தபோதுதான் நான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். பீட்சா ஹட் 1958-ல் கான்சாஸ் மாநிலத்தில் ஆரம்பித்தது, டாமினோஸ் 1960-ல் மிச்சிகனில். அதாவது நான் 'இத்தாலிய உணவு' என்று நினைத்துச் சாப்பிட்டது அமெரிக்காவின் நடுப்பகுதிச் சரக்கு. இது பின்னாடி தெரிந்ததும் ஏமாந்த மாதிரி ஒரு கோபம். அந்தக் கோபத்தில் எதிர்த் திசைக்கு ஓடினேன். அசல் எதுவோ அதுதான் பீட்சா, அசல்னா நேப்பிள்ஸ்!

நேப்பிள்ஸுக்கு விதிகள் எழுத்திலேயே இருக்கிறது என்பது என்னைப் போன்ற எக்செல் ஆசாமிக்கு ரொம்ப வசதி. அங்கே 1984-ல் ஆரம்பித்த பீட்சா சங்கம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் 'நேப்பிள்ஸ் பீட்சா'வைப் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது. விறகடுப்பு, அடுப்புத் தளத்தின் சூடு சுமார் 485 டிகிரி செல்சியஸ், வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி, விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடுவில் 0.4 சென்டிமீட்டர் தடிமன், ஓரம் 1-2 சென்டிமீட்டர் உப்பி நிற்க வேண்டும். நான் இந்த அளவுகளை வைத்துக்கொண்டு நியூ ஜெர்சியின் பதினோரு கடைகளையும் அளந்தேன். அவற்றில் எட்டு கடைகள் நேப்பிள்ஸ் பீட்சா செய்கிறோம் என்று எங்கேயும் சொல்லவே இல்லை.

அசல் என்ற சொல்லே கொஞ்சம் வழுக்கும் சொல் என்பதும் அப்போது தெரியாது. 1889-ல் ராணி மார்கரிட்டாவுக்காக ரஃபேலே எஸ்போசிட்டோ என்பவர் செய்துகொடுத்தது, அதனால்தான் 'மார்கரிட்டா' என்று பெயர், ஆதாரமாக அரண்மனைக் கடிதமே இருக்கிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். நானும் எழுதினேன். சாக்கரி நோவாக் என்ற வரலாற்று ஆய்வாளர் 2014-ல் அந்தக் கடிதத்தை நோண்டிப் பார்த்து, அது உண்மையான கடிதமாக இருக்க வாய்ப்பில்லை என்று வாதிட்டார். பீட்சா ருசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அசல் என்ற ஒரு சொல்லை நம்பி மார்க் போட்டவனுக்குச் சம்பந்தம் உண்டு.

சரி, ஸ்லைஸ் கடைக்கு வருவோம். நான் அநியாயம் செய்தது அங்கேதான்.

நியூயார்க்கில் பழைய கடைகள், 1905-ல் ஆரம்பித்ததாகச் சொல்லப்படும் லொம்பார்டீஸ், 1924-ன் டோட்டோனோஸ், 1929-ன் ஜான்ஸ் ஆஃப் ப்ளீக்கர், எல்லாம் நிலக்கரி அடுப்புக் கடைகள். அங்கே முழு பீட்சாவாகத்தான் விற்பது மரபு. ஜான்ஸ் கடை வாசலில் 'ஸ்லைஸ் கிடையாது' என்று பெயர்ப்பலகையிலேயே போட்டிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கேஸ் டெக் அடுப்பு பரவியது. சின்ன இடத்தில் வைக்கலாம், நிலக்கரி மூட்டை வேண்டாம், யாரும் சீக்கிரம் பழகிக்கொள்ளலாம். ஆனால் சூடு குறைவு, சுமார் 260-லிருந்து 300 டிகிரி. பீட்சா வேக ஒன்றரை நிமிஷம் போதாது, ஏழெட்டு நிமிஷமாவது ஆகும்.

இந்த ஒரு மாற்றத்திலிருந்து மற்றதெல்லாம் வருகிறது. அவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தால் ஈரமான புது மொசரெல்லா தண்ணீர் விட்டுக் குளமாகிவிடும். அதனால் ஈரம் குறைந்த, கெட்டி மொசரெல்லா. மாவு காய்ந்து போகாமலிருக்கக் கொஞ்சம் எண்ணெய். பதினெட்டு அங்குலத்தில் பெரிய வட்டம் போட்டு, எட்டாக அறுத்து, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் ஒரு துண்டு கேட்டதும் அதை மறுபடி அடுப்புக்குள் தள்ளி இரண்டு மூன்று நிமிஷம் சூடாக்கி, காகிதத் தட்டில் கொடுப்பார்கள். ஆக, ஸ்லைஸ் என்பது இரண்டு தடவை வேகும் பண்டம். முதல் வேக்காட்டில் அது பாதிதான் முடிந்திருக்கிறது. இரண்டாவதில்தான் அடிப்பக்கம் மொறுமொறுப்பாகி, மடித்துப் பிடித்தால் முனை தொங்காமல் நிற்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முழு பீட்சாவாக ஆர்டர் செய்து, அட்டைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, இருபத்தைந்து நிமிஷம் கழித்து, சாப்பாட்டு மேஜையில், பீங்கான் தட்டில் வைத்துச் சாப்பிட்டேன். நேப்பிள்ஸ் பாணிக் கடையில் மட்டும் கடையிலேயே உட்கார்ந்து, அடுப்பிலிருந்து வந்த நொடியில் சாப்பிட்டேன். மார்க் போட்டது இப்படி. தலைகீழாகச் செய்திருந்தால் முடிவும் தலைகீழாகத்தான் வந்திருக்கும். 90 விநாடியில் வெந்த மெல்லிய மாவைப் பெட்டிக்குள் மூடி வைத்தால் பத்தே நிமிஷத்தில் ஆவியில் ஊறிய அப்பளம் மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு வரவழைக்கவே கூடாத பீட்சான்னா அது நேப்பிள்ஸ் பீட்சாதான், அதை எந்தக் கடையும் மெனுவில் சொல்வதில்லை.

இந்தப் புத்தி எனக்கு ஒரே நாளில் வரவில்லை. முதல் அடி விழுந்தது நியூ ஹேவனில், கனெடிகட் மாநிலம். வூஸ்டர் தெருவில் ஃபிராங்க் பெப்பே 1925-ல் ஆரம்பித்த கடை, அதே தெருவில் அவருடைய சகோதரி மகன் 1938-ல் ஆரம்பித்த சாலீஸ். அங்கே 'பீட்சா' என்று சொல்ல மாட்டார்கள், 'அபீட்ஸ்'. நேப்பிள்ஸ் பேச்சு வழக்கு கடல் தாண்டி வந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. வெறும் 'அபீட்ஸ்' கேட்டால் தக்காளியும் துருவிய பெக்கோரினோவும்தான் வரும். மொசரெல்லா வேண்டும்னா அதைத் தனியாகக் கேட்கணும், 'மூட்ஸ்' என்று. மெழுகுத்தாள் விரித்த தகரத் தட்டில், வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத ஒரு கோணல் வடிவம் வந்து இறங்கியது. ஓரமெல்லாம் கருப்பு. பார்த்ததும் "கருகிடுச்சு" என்று மனசுக்குள் இரண்டு மார்க் குறைத்துவிட்டேன்.

சாப்பிட்டால், அந்தக் கருப்பு இல்லாமல் அது இல்லை. நிலக்கரிச் சூட்டில் வெளிப்பக்கம் கருகும் கசப்பும், உள்ளே சவ்வு மாதிரி இழுக்கும் மாவும், மேலே தக்காளியின் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மட்டிச் சதை, பூண்டு, ஆரிகானோ, ஆலிவ் எண்ணெய், பெக்கோரினோ போட்ட வெள்ளை பீட்சாவும் வாங்கினோம். தக்காளியும் கிடையாது, மொசரெல்லாவும் கிடையாது. என் ஷீட்டில் 'சாஸ்' என்ற கட்டத்தில் அதற்கு என்ன போடுவது? பூஜ்யமா? அந்தக் கட்டமே அபத்தம் என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது அடி டெட்ராய்ட். மிச்சிகனில் நோவையில் இருக்கும் என் மனைவியின் தம்பி, காருக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனபோது பட்டீஸ் கடைக்குக் கூட்டிப்போனான். 1946-ல் கஸ் குவெரா என்பவர் ஒரு மதுக்கடையில் ஆரம்பித்தது, டெட்ராய்ட் சதுர பீட்சாவின் தாய்வீடு. கார் தொழிற்சாலையில் சின்னச் சின்ன சாமான் போட்டு வைக்கும் நீல எஃகு ட்ரேயில்தான் முதலில் சுட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை.

"அத்தான், எங்க ஷாப் ஃப்ளோர்ல நட்டு போல்ட்டு போட்டு வைக்கிற ட்ரே இது. அதுல போயி சமைச்சிருக்கானுவ பாருங்க."

"கழுவிட்டுத்தான சுட்டிருப்பாங்க, மாப்ளே?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும். நீங்க மூலைத் துண்டை எடுங்க மொதல்ல."

மூலைத் துண்டுதான் விஷயமே. விஸ்கான்சினில் செய்யும் பிரிக் சீஸை ட்ரேயின் விளிம்பு வரை, இரும்பைத் தொடும்படி பரப்புகிறார்கள். கொழுப்பு அதிகமான சீஸ், கனமான எஃகு. இரண்டும் சேர்ந்து ஓரத்தில் சீஸ் பொரிந்து, தோசையின் முறுகல் ஓரம் மாதிரி பழுப்பு நிறத்தில் நிற்கும். சாஸ் சீஸுக்கு மேலே கோடு கோடாக, கீழே போட்டால் தடித்த மாவு ஊறிவிடும். சின்ன அளவு வாங்கினால் நாலே துண்டு, நாலும் மூலை. சண்டை இல்லை.

சிகாகோவைச் சீக்கிரம் கடக்கிறேன். 1943-ல் பீட்சேரியா ஊனோவில் பிறந்த ஆழத் தட்டு பீட்சா எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் வேகிற பண்டம் என்பதால் சீஸ் கருகாமலிருக்க அடியில் சீஸ், மேலே தக்காளி, நியாயம் புரிகிறது. நாக்குக்குத்தான் புரியவில்லை. அந்த ஊர்க்காரர்களே அன்றாடம் சாப்பிடுவது வேறு: மதுக்கடை பீட்சா. அப்பளம் போல மெல்லியது, வட்டத்தைச் சின்னச் சதுரங்களாக வெட்டியிருக்கும். ஒரு கையில் பியர், மறு கையில் ஒரு காகிதத் துண்டு, தட்டே வேண்டாம். அதை முக்கோணமாக வெட்டினால் உடைந்துவிடும்.

அப்படின்னா எல்லாமே நல்ல பீட்சாதானா, விமர்சனத்துக்கே வேலை இல்லையா? இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. இல்லை என்று நினைக்க வைத்தது எங்கள் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு கடைகள்.

போன வருஷம் ஒரு கடையில் 'டெட்ராய்ட் ஸ்டைல்' என்று பெரிய பலகை வந்தது. போய்ப் பார்த்தால் மெல்லிய அலுமினியத் தட்டில் தடித்த மாவு. துருவிய மொசரெல்லாவை நடுவில் மட்டும் தூவி, ஓரத்தில் ஒரு அங்குலம் வெறுமனே விட்டிருந்தார்கள். சாஸ் கீழே. மூலை வெறும் ரொட்டி, நடுப்பகுதி நசநச. பெயர் மட்டும் வந்திருக்கிறது, சதுரமும் வந்திருக்கிறது, எதற்காக அந்த ட்ரே என்று யாரும் கேட்கவில்லை. விலை இருபத்தாறு டாலர்!

இன்னொரு கடையில் பிரிக் சீஸ் கிடைக்காமல், மான்டரே ஜாக்கும் செடாரும் கலந்து போடுகிறார்கள். டெட்ராய்ட்காரன் முகம் சுளிப்பான். ஆனால் கனமான கறுத்த எஃகு ட்ரே, விளிம்பு வரை சீஸ், பொரிந்த மூலை. முதல் கடைக்காரர் செய்தது மோசமான பீட்சா என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். இரண்டாவது கடை விதிப்படி தப்பு, ஆனால் நல்ல பீட்சா. இதைச் சொல்ல நேப்பிள்ஸ் அளவுகோலும் வேண்டாம், டெட்ராய்ட் அளவுகோலும் வேண்டாம். அந்த ஊர்க்காரன் எதனால் அப்படிச் செய்தான் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

போன சனிக்கிழமை ஸ்டேஷன் எதிரே போனேன். மத்தியானம் ரெண்டு மணி, கூட்டம் இல்லை. கவுன்டரில் இருந்த பெரியவருக்கு என்னைத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சாதா ஸ்லைஸ் ஒன்று கேட்டேன். "சூடாக்கணுமா?" என்று கூடக் கேட்கவில்லை, எடுத்த கையோடு அடுப்புக்குள் போட்டார், கதவைச் சாத்தினார், நாலரை டாலர் வாங்கினார். வெளியே ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்று, நீளவாக்கில் மடித்துச் சாப்பிட்டேன். முனை தொங்கவில்லை. அடியில் நல்ல மொறுமொறுப்பு, சீஸ் இழுத்தது, ஆரஞ்சு நிற எண்ணெய் மடிப்பில் ஓடி மணிக்கட்டு வரை வந்தது. சாஸில் இன்னும் கொஞ்சம் உப்பு இருந்திருக்கலாம். 2.17 ரயில் வந்து நிற்க, இறங்கியவர்களில் நாலு பேர் நேராகக் கடைக்குள் போனார்கள்.

பழைய பட்டியலை எடுத்துவிட்டேன். பிறந்தநாள் விழாவில் பார்த்தவருக்கும் போன் செய்து சொன்னேன். "அப்ப போலாம்ங்கறீங்க?" என்றார். போகலாம், ஆனால் வீட்டுக்கு வாங்கிட்டு வராதீங்க, அங்கேயே நின்னு சாப்பிடுங்கன்னு சொன்னேன்.