கலாக்ஷேத்ரா புடவை: கரையும் கோர்வையும்

ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986) பற்றிய கட்டுரைகளில் நெசவுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். பரதநாட்டியம், 1936-ல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, மாநிலங்களவையில் அவர் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து வந்த 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஆகியவை முன்னால் நிற்கும். தறி, நடன உடைக்கான துணைவேலையாகக் கடைசியில் வரும். அந்த இடம் அதற்குப் போதாது என்பது என் கருத்து.

மேடைக்கு வேண்டிய துணியைத் தாங்களே நெய்துகொள்ளப் போட்ட தறிகள்தான் அவை. ஆனால் அங்கிருந்து வந்த புடவைக்குத் தனி முகம் அமைந்தது. அகலமான கரை, அதற்கு எதிரான உடல் நிறம், பழைய புடவைகளிலும் கோயில் சிற்பங்களிலும் கண்ட மயில்கண், ருத்ராட்சம், யாளி. இதைப் பொதுவாக 'மீட்பு' என்கிறார்கள். எனக்கு இது ஒரு நல்ல பதிப்பாசிரியரின் வேலையாகப் படுகிறது. பழையதில் எது நிற்க வேண்டும் என்று ஒரு கண் தீர்மானித்தது. பட்டுக்குக் கிடைத்த பெருமை கண்டாங்கிக்குக் கிடைக்காததும் அந்தத் தேர்வின் ஒரு பகுதியே. பின்னாளில், கமலாதேவி சட்டோபாத்யாயின் ஊக்கத்தில் கலம்காரிப் பிரிவும் சேர்ந்தது. கடுக்காயும் படிகாரமும் கொண்டு துணியில் சாயம் ஏற்றும் அந்த வேலை தனிக் கட்டுரைக்கு உரியது.

கரையின் உருவங்களைவிட முக்கியமானது கோர்வை. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண நெசவில் ஒரே நாடா, ஊடு நூலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொண்டுபோகும். பச்சை உடலுக்குச் சிவப்புக் கரை வைத்தால், கரையின் பாவு சிவப்பு, ஊடு பச்சை. நிறம் மங்கிவிடும். கோர்வையில் மூன்று நாடாக்கள். கரைக்குக் கரையின் ஊடு, உடலுக்கு உடலின் ஊடு. இரண்டும் சேரும் இடத்தில் ஒவ்வொரு வரியிலும் நூல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் சிவப்பு சுத்தச் சிவப்பாக நிற்கும்.

இன்று தியாகராய நகரில் எந்தப் பெரிய கடையிலும் 'கலாக்ஷேத்ரா பார்டர்' என்று கேட்டால் நிமிடத்தில் பத்துப் புடவை விரிப்பார்கள். பலவற்றில் கரை இருக்கிறது, கோர்வை இல்லை. புடவையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள்; கரையின் நிறத்தில் உடலின் சாயல் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். (விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.) அவர் காத்த உழைப்பு, அவர் பெயரிலேயே விற்கும் துணியில் காணாமல் போகிறது.

பெயர் என்றதும் இன்னொன்று. நடனத்தில் அவர் இசைவேளாளர் மரபிலிருந்து எதை எடுத்தார், எதை நீக்கினார் என்ற கேள்வி டி. பாலசரஸ்வதி காலம் தொட்டு எழுப்பப்படுகிறது. அது நியாயமான கேள்வி. அதே கேள்வியைத் தறியிடம் யாரும் கேட்பதில்லை. புடவைக்கு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நெய்தவர் பெயரை நாம் சொல்வதில்லை. இது நம்மூர்க் குறை மட்டுமல்ல. சுவீடனில் பழைய நாட்டுப்புற நெசவிலிருந்து புதிய கம்பளங்களை உருவாக்கிய மார்த்தா மோஸ் ஃபியெட்டர்ஸ்ட்ரோம் (1873–1941) 1919-ல் போஸ்டாட் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். அங்கு நெய்த கம்பளங்களின் ஓரத்தில் இருப்பதும் வடிவமைத்தவரின் முதலெழுத்துகளே.

கோர்வை குறைவதற்கு ரசனையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பழைய முறைத் தறியில் ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். முன்பு அது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கை. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறது. முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இடத்தில் உட்காரும் பெரியவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், அது புடவை விலையில் ஏற வேண்டும். கரையின் சாயலை மட்டும் கேட்டு வாங்கும்வரை அந்தக் கூலியை யாரும் தரப்போவதில்லை.