பத்துத் தோல்விகளோடு வந்த கோப்பை

பேட் சம்மிட் என்றதும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் 1997-98 சீசனைத்தான் சொல்வார்கள். அவர் பயிற்றுவித்த டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணி 39 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்காமல் கோப்பையைத் தூக்கிய ஆண்டு அது. என்னைக் கேட்டால், அவருடைய பயிற்சித் திறமைக்குச் சரியான சாட்சி அதற்கு முந்தைய சீசன். அப்போதும் 39 ஆட்டங்கள்தான். ஆனால் 10 தோல்வி. அதற்கு முன், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் மகளிர் கோப்பையை வென்ற எந்த அணியும் அத்தனை ஆட்டங்களில் தோற்றதில்லை.

அந்த 1996-97 அணியின் பாயின்ட் கார்டு கெல்லி ஜாலி, சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே உட்கார்ந்துவிட்டார். பந்தை நிதானமாக முன்னே கொண்டுபோக ஆளில்லை. கனெக்டிகட்டிடம் அடி, ஓல்ட் டொமினியனிடம் அடி. ஷமீக்வா ஹோல்ட்ஸ்கிளா என்ற அபாரமான ஆட்டக்காரி இருந்தும் அணி தள்ளாடியது. ஜாலி குணமாகித் திரும்பிய பிறகும் தோல்விகள் உடனே நின்றுவிடவில்லை.

மார்ச்சில், என்.சி.ஏ.ஏ. போட்டியில், கதை மாறியது. மண்டல இறுதியில் எதிரே நின்றது அதே கனெக்டிகட். அதுவரை 33 ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி. டென்னசி 91-81 என்று வென்றது. சின்சினாட்டியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஓல்ட் டொமினியனை 68-59 என்று மடக்கியது. ஹோல்ட்ஸ்கிளா 24 புள்ளிகள். சீசன் நடுவே தங்களை வீழ்த்திய இரண்டு அணிகளுக்கும் கணக்குத் தீர்த்தாயிற்று.

இது அதிர்ஷ்டமா? இல்லை. சம்மிட்டின் ஆட்டமுறை ஷூட்டிங்கை நம்பிக் கட்டப்பட்டதல்ல. தடுப்பாட்டம் ஆட்டங்களை வென்று தரும், ரீபவுண்ட் கோப்பையை வென்று தரும் என்பது அவர் கட்சி. கை வராத நாள் எந்த ஷூட்டருக்கும் உண்டு. கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு முண்டியடிப்பதற்குக் கால் ஓடினால் போதும். அந்தக் கால்களை அவர் பயிற்சியில் தயார் செய்தார். தம் பெண்களை ஆண் மாணவர்களோடு மோதவிட்டார். அந்த ஆண்களின் வேகத்தையும் உயரத்தையும் அன்றாடம் சமாளித்தவர்களுக்கு மார்ச் மாத நெருக்கடி புதிதல்ல.

உழைப்பில் அவருக்கிருந்த இந்தப் பிடிவாதம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். சம்மிட் டென்னசி மாநில விவசாயக் குடும்பத்துப் பெண். அருகிலிருந்த பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி இல்லை என்பதற்காகவே அவர் குடும்பம் ஹென்ரியெட்டா என்ற ஊருக்கு வீடு மாறியது. 1974-இல், 22 வயதில், டென்னசி பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். மாதம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டுவதும் சீருடை துவைப்பதும் அவரே. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் ஒரே புள்ளியில், 83-84 என்று தோல்வி. மகளிர் கூடைப்பந்துக்கு என்.சி.ஏ.ஏ. போட்டியே 1982-இல்தான் வந்தது. அவருடைய முதல் கோப்பை 1987-இல். அதற்குள், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆட்டக்காரராக வெள்ளியும் 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியாளராகத் தங்கமும் பெற்றுவிட்டார்.

குறை இல்லையா என்றால் உண்டு. 1995, 2000, 2003, 2004 என்று நான்கு இறுதி ஆட்டங்களில் ஜீனோ ஆரியெம்மா பயிற்றுவித்த கனெக்டிகட்டிடம் தோற்றார். பந்தை வேகமாகக் கைமாற்றி, ஆளை நகர்த்தி, திறந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் அந்த அணிக்கு எதிராக முரட்டுத் தடுப்பாட்டம் மட்டும் எடுபடவில்லை. தாக்குதலில் புதிய யோசனைகளுக்கு அவர் தாமதமாகவே வந்தார் என்பது என் எண்ணம். 1998-க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2007 வரை காத்திருந்தார். கேண்டஸ் பார்க்கர் என்ற அசாதாரணத் திறமை கையில் வந்ததும் 2007, 2008 என அடுத்தடுத்து இரண்டு. மொத்தம் எட்டு.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தமக்கு அல்சைமர் நோய் தொடங்கியிருப்பதாக அவரே வெளிப்படையாக அறிவித்தார். அறிவித்துவிட்டு ஒதுங்கவில்லை. உதவியாளர்களிடம் கூடுதல் பொறுப்பைக் கொடுத்து இன்னொரு சீசன் பக்கக்கோட்டில் நின்றார். அணி மண்டல இறுதிவரை போய், அந்த ஆண்டு தோல்வியே காணாத பேய்லரிடம் வீழ்ந்தது. 2016 ஜூனில், 64 வயதில் காலமானார்.

38 சீசன்களில் 1,098 வெற்றி, 208 தோல்வி. அந்த வெற்றி எண்ணிக்கையை 2020-இல் ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளர் தாரா வான்டர்வீர் தாண்டினார். சம்மிட்டிடம் முழுக் காலமும் ஆடி முடித்த ஆட்டக்காரிகள் அனைவரும் பட்டம் பெற்றே வெளியேறினார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும் என்பதும் அவர் போட்ட விதிதான்.