செந்தூள் வரும்வரை

வீட்டு வேலைக்கான கருவிகளில் எது உயர்ந்தது என்று கேட்டால் சிலர் விலையைச் சொல்வார்கள், சிலர் கம்பெனிப் பெயரைச் சொல்வார்கள். என் கணக்கு வேறு. வேலை கெடப்போகிறது என்பதை, கெடுவதற்குள் கைக்குச் சொல்லிவிடுகிற கருவிதான் நல்ல கருவி. இந்தச் சோதனையில் நூற்றெட்டு உருப்படிகளோடு பளபளக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் தோற்றுப்போகும். மண்ணடிப் பக்கம் ஏதோ ஒரு ஹார்டுவேர் கடையில் தூசி படிந்து கிடக்கும் முக்கால் இஞ்ச் உளி ஜெயித்துவிடும்.

டிரில்லிலிருந்து தொடங்கலாம். நம் வீட்டில் எந்த வேலையானாலும் கடைசியில் சுவரில் வந்துதான் நிற்கிறது. சாமி படம், அலமாரி, திரைச்சீலைக் கம்பி, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், எல்லாம் சுவரை நம்பித் தொங்குபவை. பழைய புத்தகக் கடைகளில் ரீடர்ஸ் டைஜஸ்ட் 1973இல் வெளியிட்ட தடித்த வீட்டுப் பணிக் கையேடு எப்போதாவது கண்ணில் படும். அதன் படங்களுக்காகவே வாங்கலாம், அத்தனை தெளிவு. ஆனால் சுவர் பற்றிய பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட வேண்டியதுதான். அமெரிக்கச் சுவர் என்பது மரச்சட்டங்கள் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. சட்டம் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதே அங்கே பாதி வித்தை. நம்முடையது செங்கல், அதன்மேல் அரை இஞ்ச் பூச்சு. வித்தையும் வேறு.

அந்த வித்தையைக் கற்றுத்தருவது தூள். துளை போடும் இடத்துக்குக் கீழே ஒரு காகிதத்தை மடித்து, டேப்பால் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். தரை அழுக்காகாது என்பது சின்ன லாபம்; எது வருகிறது என்று பார்க்கலாம் என்பதே பெரிய லாபம். முதலில் வருவது சாம்பல் நிறம். அது பூச்சு. பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் போனதும் சத்தம் கொஞ்சம் தாழ்ந்து, தூள் சிவக்கும். செங்கல்லுக்குள் நுழைந்துவிட்டோம். சிவப்பு தொடர்ந்து வந்தால் கவலையில்லை. சிவப்பே வராமல், சாம்பல் தூள் மணல் மணலாக உதிர்ந்து, டிரில் பிட்டும் வெண்ணெயில் இறங்குவதுபோல் போனால், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தில் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். அங்கே துளைக்குள் செருகும் பிளக் பிடிக்காது. ஓர் இஞ்ச் மேலேயோ கீழேயோ நகர்ந்து மறுபடி தொடங்குவது நல்லது. பிட் இறங்கவே மறுத்து, டிரில் ஒரே இடத்தில் நின்று அலறினால் அது கான்கிரீட். லிண்டலோ பில்லரோ குறுக்கே வந்திருக்கிறது. சாதாரண டிரில்லை அங்கே அழுத்திக் கொல்வதில் பயனில்லை, ரோட்டரி ஹேமர் வேண்டும். ஃப்ளை ஆஷ் கல்லில் கட்டிய வீடானால் தூள் கடைசிவரை சாம்பல்தான். அங்கே நிறத்தை விட்டுவிட்டுச் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும். புது அடுக்குமாடிகளில் வரும், நுரைபோல் எடையில்லாத வெள்ளை பிளாக்குகளுக்குச் சாதாரண பிளக் போதாது. அதற்கென்றே விற்கும் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவையும் உணர்வதற்கு ஏதுவாக டிரில்லின் உருவத்தை அமைத்தவர்கள் அமெரிக்காவின் பிளாக்கும் டெக்கரும். கைத்துப்பாக்கியைப் பார்த்துத்தான் அந்தப் பிடியையும் விசையையும் யோசித்தார்கள். 1917இல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பு மின்சார டிரில் இல்லாமல் இல்லை, ஆனால் அவை பிடித்து வேலை செய்யத் தோதில்லாத பெரிய உருப்படிகள். ஆள்காட்டி விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை ஆளும் வசதி பின்னால் வந்தது. டிரில் வாங்கப் போனால் வாட் எத்தனை என்று கேட்பதற்குமுன் அதைத்தான் பார்ப்பேன். டைல்ஸ் மேல் துளை போடும்போது, ஹேமர் இயக்கத்தை அணைத்துவிட்டு, மெல்ல மெல்லச் சுற்ற விட்டு, மேல்பூச்சில் ஒரு சின்னக் குழி விழும்வரை காத்திருக்கத் தெரிந்த விசை வேண்டும். வேகம் ஒன்றே ஒன்றுதான் என்று அடம்பிடிக்கும் டிரில் டைல்ஸை உடைத்த பிறகுதான் நமக்குச் செய்தி சொல்லும்.

துளைக்குள் போகும் பிளக்குக்கு யாரும் மரியாதை தருவதில்லை. மலிவாகக் கைநிறையக் கிடைப்பதாலோ என்னவோ. அது வருவதற்கு முன்பு, சுவரைச் சதுரமாகக் கொத்தி, தேக்குக் கட்டையைச் செருகி, சிமென்ட் பூசி, காயவிட்டு, மறுநாள் வந்துதான் ஸ்க்ரூ முடுக்க முடியும். பழைய வீடுகளின் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால் அந்தக் கட்டைகள் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். 1910களில் லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரருக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மின்சாதனங்கள் பொருத்தும் வேலை வந்தது. சுவரை அதிகம் கொத்தக் கூடாது என்பது நிபந்தனை. சணல் நாரை விலங்கின் ரத்தம் சேர்த்து இறுக்கி, சின்னக் குழாயாக்கிச் செருகினார். நம் எலக்ட்ரீஷியன்கள் இன்றும் ‘ரால் பிளக்’ என்று சொல்வது அவர் பெயரில் பாதி. பிறகு 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். ஆயிரத்துக்கு மேல் காப்புரிமைகள் வைத்திருந்த மனிதர், உலகம் முழுக்கச் சுவருக்குள் ஒளிந்திருப்பது அவருடைய அந்தச் சாம்பல் நிறத் துண்டுதான்.

அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாய்ப்பக்கம் பிளவில்லாத வட்டம், மறுபக்கம் இரண்டாகப் பிளந்து பற்கள். ஸ்க்ரூ உள்ளே போகும்போது பிளந்த பக்கம் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. பிடிப்பு முழுக்க அந்த அழுத்தத்தில்தான். ஆகவே பிளக் முழுதும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். பூச்சுக்குள் விரிந்தால் பூச்சு உதிரும். 6 மி.மீ பிளக்கின் நீளம் 30. பூச்சு 12. உள்ளே தங்கும் தூளுக்கும் கொஞ்சம் இடம் விட்டால் 45 மி.மீ ஆழம் வேண்டும். பிட்டில் அந்த அளவில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் போதும், ஆழம் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. ஸ்க்ரூவும் பிளக்கின் முனையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும் நீளம் இருந்தால்தான் அது முழுசாக விரியும். குட்டை ஸ்க்ரூ போட்டுவிட்டுச் சுவரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். கடைசியாகத் துளையை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். சைக்கிள் பம்பு அருமையாக ஊதும். வாயால் ஊதினால் தூள் கண்ணுக்குத்தான் வரும்.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள். வயர் போகும் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் புதைந்திருக்கும். குளியலறையில் தண்ணீர்க் குழாய்க்கும் இதே விதி.

திருப்புளியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வன்மம் உண்டு. சரியாகச் சொன்னால் திருப்புளி மேல் இல்லை, நட்சத்திரத் தலை ஸ்க்ரூ மேல். அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய இந்தத் தலையை 1936இல் ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக் கார் தொழிற்சாலையில் ஏற்றுக்கொண்டது. கூம்பு வடிவக் குழி என்பதால் இயந்திரத்தின் முனை தானாக நடுவில் போய் உட்காரும். கார் ஓட்டமாக நகரும் வரிசையில் அது பெரிய உதவி. ஆனால் அதே கூம்பு, அழுத்தம் கூடும்போது முனையை வெளியே தள்ளிவிடும். அதாவது அந்த வடிவத்தை ஏற்றது தொழிற்சாலை இயந்திரத்துக்காக; நம் மணிக்கட்டு அப்புறம்தான் வந்தது. இதைவிட நல்ல தலை அதற்கு முன்பே இருந்தது. கனடாவின் ராபர்ட்சன் 1908இல் செய்த சதுரக் குழி வழுக்கவே வழுக்காது. கனடாவுக்கு வெளியே அது அவ்வளவாகப் பரவவில்லை. நல்லது எல்லாம் பரவிவிடும் என்று யார் சொன்னது?

சரி, நட்சத்திரத்தோடுதான் வாழ வேண்டும் என்றால் அளவைப் பார்த்து வாழலாம். வீட்டு ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை இரண்டாம் எண் முனைக்கு உரியவை. திருப்புளியின் தண்டில் ‘பிஎச் 2’ என்று பொறித்திருக்கும். பொருத்தம் பார்க்க எளிய வழி: ஸ்க்ரூவை முனையில் செருகி, திருப்புளியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். ஸ்க்ரூ விழாமலும் தலையாட்டாமலும் நின்றால் அளவு சரி. ஆடினால், முடுக்கும்போது மண்டை போய்விடும். ஐரோப்பாவில் செய்து பிரித்து அனுப்பும் அலமாரிகளில் வரும் ஸ்க்ரூத் தலையில், கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ், வேறு சாதி. ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் இன்ஜின் மூடி ஸ்க்ரூக்களும் பார்வைக்கு மட்டுமே பிலிப்ஸ். சாதாரண நட்சத்திரத் திருப்புளியால் அவற்றின் மண்டையைத் தேய்த்துவிட்டு, ‘வண்டி பழசாயிடுச்சு’ என்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அளவு டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். கடையில் ‘இது லூசா இருக்கு, வேற குடுங்க’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆட்டம் குறையில்லை, கைநேர்த்தி. பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே நகர்கிறது. சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே போகிறது. நகரும் தூரம் கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு. எப்படி அளந்தாலும் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது. ஆட வேண்டும் என்று முடிவு செய்து, எவ்வளவு ஆட வேண்டும் என்றும் கணக்குப் போட்ட அந்தப் புத்திக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆணி அடித்து அந்த ஆட்டத்தை நிறுத்துபவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ரசமட்டத்தில் ஒரே ஒரு சங்கதிதான். அதை நம்புவதற்குமுன் புரட்டிப் பாருங்கள். ஒரு பலகை மேல் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இடவலமாகத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழ் அதே இடத்தில் நின்றால் மட்டம் யோக்கியம். பலகை கோணலாக இருந்தால் குமிழ் நடுவில் நிற்காது, ஆனால் இரண்டு முறையும் பலகையின் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகி நிற்க வேண்டும். தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுக்கும் கருவி இதுபோல் வேறொன்று இல்லை. நீளமான சுவருக்கு நம் கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி ட்யூபை எந்த லேசரும் தோற்கடிக்கவில்லை என்பது என் கட்சி. ட்யூபுக்குள் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது உளி. எல்லாக் கருவிகளிலும் மௌனமானது, எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது. புது உளி கூராக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறோம். கடையிலிருந்து வருவது அரைகுறைக் கூர்தான். சோதிக்க விரல் வேண்டாம், வெளிச்சம் போதும். ஜன்னல் ஓரம் நின்று முனையை நேராகக் கண்ணுக்குக் காட்டுங்கள். மழுங்கிய முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே ஒரு தளம் இருக்கிறது என்று பொருள். நன்றாகத் தீட்டிய முனையில் எதுவுமே தெரியாது. இரண்டு தளங்கள் சந்தித்து, சந்தித்த இடம் காணாமல் போயிருக்கும்.

தீட்ட ஒரு கல். 1891இல் அமெரிக்காவின் அச்சிசன் மின் உலையில் தற்செயலாகக் கண்ட சிலிக்கான் கார்பைடுதான் நம் தச்சர்கள் கார்போரண்டம் கல் என்று சொல்வது. சென்னையில் முருகப்பா குழுமம் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இந்தத் துறையில் நாடறிந்த பெயர். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை என்று இரட்டைக் கல்லாகவே வாங்கலாம். உளியின் தட்டைப் பின்பக்கத்தை முதலில் கல்லில் படியவைத்துத் தேய்க்க வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு சரிவான பக்கம். தேய்க்கத் தேய்க்கப் பின்பக்க விளிம்பில் இம்மி அளவு பிசிறு எழும். பெருவிரலைப் பின்னாலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல வழித்தால் அது தட்டுப்படும். முழு அகலத்திலும் பிசிறு எழுந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. புரட்டி ஒரு தேய்ப்பு, அது உதிர்ந்துவிடும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கத்திகளைக் கொடுங்கள், உளியைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தின் சூட்டில் முனை நீலம் பாய்ந்தால் இரும்பின் உரம் போய்விட்டது, அந்தப் பகுதியை அரைத்து எடுத்தால்தான் உண்டு.

இப்படித் தீட்டிய உளியால் கதவில் கீல் உட்காரும் பள்ளத்தைச் சரிசெய்து பார்த்தவர்கள் அதன்பிறகு மழுங்கிய உளியைத் தொடமாட்டார்கள். கொட்டாப்புளிகூட வேண்டாம், உள்ளங்கை அழுத்தத்திலேயே தேக்கு காகிதம் காகிதமாகக் கழன்று வரும். எதிர்ப்போக்கில் வைத்தால் மரம் உடனே முரண்டு பிடிக்கும், நார் நாராகப் பிய்யப் பார்க்கும். அப்போது பலத்தைக் கூட்டாமல் திசையை மாற்ற வேண்டும்.

கதவென்றதும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வாசற்கதவு உப்பி, நிலையில் இடிக்கத்தான் செய்யும். உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். தை பிறந்து காற்று காய்ந்ததும் மரம் சுருங்கும். மழையில் இழைத்த கதவு கோடையில் சந்து காட்டும். இடிக்கும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு இரண்டு மாதம் பொறுக்கலாம்.

ஃபெவிக்கால், எம்-சீல், டெஃப்ளான் டேப் எல்லாம் இல்லாமல் வீடு நடக்காது. அவற்றைப் பற்றி ரசிப்பதற்கு அதிகமில்லை, தெரிந்துகொள்ள மட்டும் கொஞ்சம் உண்டு: மரப்பசை ஒட்டுவது தடவிய அளவால் அல்ல, காயும்வரை இறுக்கிப் பிடித்திருப்பதால்; டெஃப்ளான் டேப்பைக் குழாயின் மரை முனையை நோக்கிப் பார்த்தபடி கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் முடுக்கும்போது அவிழாது.

பெட்டியாக வாங்காதீர்கள் என்பதுதான் என் சிபாரிசு. வேகம் மாற்றும் ஒரு டிரில், இரண்டாம் எண் நட்சத்திரத் திருப்புளி ஒன்று, முக்கால் இஞ்ச் உளி, இரட்டைக் கல், ரசமட்டம், டேப். மிச்சத்தை வேலை கேட்கும்போது ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய ஸ்க்ரூவைக் கையோடு கொண்டுபோங்கள். அதைப் பார்த்ததும் பொருத்தமான பிளக்கையும் பிட்டையும் எடுத்து முன்னால் வைக்கத் தெரிந்த கடைக்காரர் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்.