கெடிஸ் காட்டிய நகரமைப்பு: நிறையும் குறையும்

1914ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையின் மீது குண்டு வீசிய 'எம்டன்' கப்பலைத் தமிழர் மறக்கவில்லை. கெட்டிக்காரனை இன்றும் 'எம்டன்' என்கிறோம். அடுத்த சில வாரங்களில் அதே கப்பல் இன்னொரு சேதத்தையும் விளைவித்தது. உலக நகரங்களின் வரைபடங்கள் அடங்கிய ஒரு கண்காட்சி, இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த சரக்குக் கப்பலோடு கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கண்காட்சிக்கு உரியவர் ஸ்காட்லாந்து நாட்டுத் தாவரவியல் பேராசிரியர் பேட்ரிக் கெடிஸ் (1854-1932). அவர் மனந்தளரவில்லை. புதிதாகப் படங்களைத் திரட்டி 1915இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் பார்வையிட்டு அரசுக்கு அறிக்கையும் அளித்தார். இந்திய ஊர்கள் பற்றி அவர் எழுதியவற்றில் முக்கியமான பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் தொகுத்து 1947இல் நூலாக்கினார். நூறாண்டு கடந்த இக்கருத்துகள் இன்று நமக்கு எவ்வளவு தூரம் பயன்படும்?

முதலில் நிறையைக் காண்போம். கெடிஸ் உயிரியல் அறிஞர். ஊரையும் ஓர் உயிராகவே கண்டார். மருத்துவர் நோயறியாமல் கத்தியை எடுப்பதில்லை. ஊரை அளந்தறியாமல் தெருவை இடிப்பதும் தவறு என்றார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கமான வீடுகளின் ஊடே நேர்த்தெருக்கள் வெட்ட ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் அதை மறுத்தார். பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் அகற்றி, கிடைக்கும் வெற்றிடங்களில் மரம் நட்டால் காற்றும் நிழலும் கிடைக்கும், செலவும் குறையும், குடியிருப்போரும் தெருவுக்கு வரமாட்டார்கள் என்று காட்டினார்.

குளங்களைப் பற்றியும் அவர் வாதாடினார். கொசு வளர்கிறதென்று குளங்களைத் தூர்க்க அதிகாரிகள் விரும்பிய காலம் அது. மீனும் வாத்தும் விட்டால் கொசு குறையும். குளம் ஊரைக் குளிர்விக்கும், வெள்ளத்தையும் தாங்கும் என்றார் கெடிஸ். இதை இயற்பியலைக் கொண்டு நாமே சரிபார்க்கலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தை ஏற்கிறது. இது 1,000 வாட் மின்னடுப்பு 40 நிமிடம் எரிந்து தரும் வெப்பத்திற்குச் சமம். அடுத்து வெள்ளம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 10 கோடி லிட்டர். மண்தரை அதில் ஒரு பகுதியை உறிஞ்சும். சிமெண்டுத் தரை ஏறக்குறைய முழுவதையும் தள்ளிவிடும். தள்ளிய நீருக்கு இடம் வேண்டுமல்லவா?

இனிக் குறைக்கு வருவோம். கெடிஸ் ஊரைச் சுற்றினார், எழுதினார், அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். அளவைக்குறிப்புகள் அவர் கையில் இருந்தன. ஊரார் கையில் இல்லை. மருத்துவர் உவமையிலேயே இக்குறை ஒளிந்திருக்கிறது. அதில் குடிமக்கள் நோயாளிகளாகவே இருக்கின்றனர். ஆலோசனையில் அவர்களுக்குப் பங்கில்லை. விளைவு என்ன? அவர் வந்துபோன பத்தாண்டுக்குள் சென்னை மாம்பலத்தின் நீண்ட ஏரி குடியிருப்புக்காக வற்றவைக்கப்பட்டது. அதன்மேல் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. பெருமழையின்போது நீர் மட்டும் பழைய முகவரியைத் தேடி வந்துவிடுகிறது.

மக்களின் ஆற்றலைக் கெடிஸ் அறியாதவரல்லர். பிளேக் நோய் பரவியிருந்த இந்தூரில், தீபாவளி ஊர்வலம் மிகத் தூய்மையான தெருக்களின் வழியாகவே செல்லும் என்று அறிவித்தார். மக்கள் போட்டியிட்டுத் தெருக்களைத் துப்புரவு செய்தனர். ஆயினும் அங்கும் உழைப்பு மக்களுடையது, திட்டம் அவருடையது.

தமிழ்நாட்டின் 1971ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டமும் இக்குறையிலிருந்து முற்றிலும் விடுபடவில்லை. முழுமைத் திட்டம் தயாரான பின்னர், ஆட்சேபணை கூற இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தருகிறது. சமைத்து முடித்தபின் உப்புப் பார்க்க அழைப்பது கூட்டுச் சமையலாகாது. 2022இல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள் தொடங்கியது நல்ல அடி. ஆனால் கையில் வரைபடமில்லாத சபையில் மனு கொடுக்கலாம்; திட்டமிட முடியாது.

வழியில்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் கேரளத்தின் கல்லியாசேரியில், சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் துணையோடு ஊர்த் தொண்டர்களே நிலத்தையும் நீரையும் வரைபடத்தில் குறித்தனர். 1996இல் கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முன்வந்தது. அளவையும் பணமும் ஒருங்கே ஊராரிடம் வந்தன. கெடிஸின் முறைக்கு இல்லாதிருந்த பாதி இதுவே.

நம் மாவட்டத்திற்கு இது ஏட்டுச்சுரைக்காய் அன்று. 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளை மூடின. ஐந்து சிறுவர் சிறுமியர் உட்பட ஏழு பேர் மாண்டனர். மலையின் எப்பக்கம் நீர் இறங்குகிறது, எந்த ஓடை அடைபட்டது என்பவை சரிவில் வாழ்வோர் ஆண்டுதோறும் காண்பவை. அந்த அறிவு வரைபடத்தில் ஏறாதவரை எந்தத் திட்டமும் அரைகுறையே.

பெருநகரமாகும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கீழ்பென்னாத்தூர் போன்ற பேரூராட்சிகளில் வேலை எளிது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் எது, ஏரி கோடி போனால் நீர் எவ்வழி ஓடும், அவ்வழியில் இப்போது என்ன கட்டப்பட்டுள்ளது என்பவற்றைப் பள்ளி மாணவர்கள் நாடாவும் நோட்டும் கொண்டு ஒரு மழைக்காலத்தில் குறித்துவிடலாம். முதியவர்களைக் கேட்டுச் சரிபார்க்கலாம். கெடிஸ் கற்பித்த 'முதலில் அளந்தறி' என்னும் பாடம் இன்றும் பழுதற்றது. அளப்பவர் யார் என்பதில் மட்டும் நாம் அவரைத் திருத்த வேண்டும்.