தாழையும் தெங்கும்: மருத்துவ ஆய்வு வளங்களின் வகைப்பாடு பற்றிய ஒரு நோக்கு

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த மதுரங்குளி, தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஊர். அங்கு தமிழ் பேசுவோர் தென்னை என்பதைச் சிங்களம் பேசுவோர் ‘பொல்’ என்பர். தாவரவியலார் ‘கொக்கோசு நியூசிபெரா’ என்பர். பழந்தமிழ் நூல்கள் அதனைத் தெங்கு என்றும் தாழை என்றும் வழங்கின. அத்தாழை என்னும் சொல்லோ கடற்கரையில் வளரும் முட்செடியாகிய பண்டானசு இனத்தையும் குறிக்கும். ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல பொருள் என்னும் இந்நிலை கவிஞனுக்கு வளம்; மருந்தாய்வாளனுக்கோ இடர். பெயர் மாறின் ஆய்வுப்பொருளே மாறிவிடும்.

இவ்விடரை நீக்க இன்றைய அறிவியல் கண்ட வழியே ‘ஒன்டோலொஜி’ எனப்படும் பொருளுறவுத் தொகுதி. ஒரு பொருள் எதன் வகை, எதன் உறுப்பு, எப்பெயர்களால் வழங்கும் என்பவற்றைக் கணினி உணருமாறு வரையறுப்பது அது. 1998இல் தொடங்கிய மரபணு ஒன்டோலொஜி, பழ ஈ, சுண்டெலி, மதுவம் ஆகிய உயிரிகளை ஆராய்ந்தோர் தத்தம் தரவுகளை ஒரே சொற்களால் விவரிக்க வழிசெய்தது. 2009இல் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் ஒன்பது நிறுவனங்கள் மேற்கொண்ட ‘ஈகிள்-ஐ’ திட்டம், ஆய்வுகூடங்களுள் முடங்கிக் கிடந்த உயிரணு வழிகள், பிறபொருளெதிரிகள், கருவிகள் ஆகியவற்றைத் தேடிக் கண்டறிய இம்முறையையே கையாண்டது.

தமிழ் மரபுக்கு இச்சிந்தனை முற்றிலும் அந்நியமன்று. பன்னிரு தொகுதிகளைக் கொண்ட திவாகர நிகண்டு, ஒருபொருட் பல பெயர்களைத் தொகுத்ததோடு ஒருசொற் பல்பொருட்கெனவும் தனித் தொகுதி வகுத்தது. தொல்காப்பிய மரபியல் இன்னும் ஒருபடி மேற்சென்றது. வைரம் புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், அகத்தே அமைந்தவற்றை மரம் என்றும் அது பிரித்தது. அவ்வகையில் தென்னை புல்லாகும். ஓலை, பாளை, ஈர்க்கு முதலிய உறுப்புகளையும் புல்லுக்கு உரியனவாக அது கூறியது. வகையுறவும் உறுப்புறவும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன. எனினும், இதனைக் கொண்டு முன்னோர் கணினியியல் அறிந்திருந்தனர் என்பது நகைப்புக்கிடமாகும். நிகண்டு செய்யுள் செய்வோனுக்காகத் தொகுக்கப்பட்டது. மரபியல் சொல்வழக்கை வரையறுத்தது. எவ்வகைப்பாடும் ஒரு தேவையை நோக்கியே எழுகின்றது.

அத்தேவை எவருடையது என்னும் வினாவே முதன்மையானது. மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் எதிர்ப்பால் 1997இல் நீக்கப்பட்டது. இத்தகைய அனுபவங்களின் பயனாக 2001இல் இந்தியாவில் மரபறிவு மின்நூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யூனானி ஆகியவற்றுடன் சித்த மருத்துவ நூல்களின் மருந்து முறைகளும் அதில் வகைப்படுத்தப்பட்டன. முறையற்ற காப்புரிமைகளைத் தடுப்பதில் அதன் பணி பாராட்டத்தக்கது. ஆயினும் அதன் உள்ளடக்கம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் என்னும் ஐந்து மொழிகளில் அமைக்கப்பட்டது. தமிழில் எழுந்த சித்தர் நூல்கள் அத்தொகுதியில் தமிழை இழந்தன. நெடுங்காலம் காப்புரிமை அலுவலகங்களுக்கே அது திறந்திருந்தது. ஏனையோருக்கும் திறக்க இந்திய அமைச்சரவை 2022இலேயே ஒப்புதல் அளித்தது. காத்தல் வேறு, பகிர்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மதுரங்குளி அமைந்த புத்தளம் மாவட்டத்திலேயே, லுணுவிலையில், 1929இல் தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளது. அத்தகைய நிறுவனத்தின் ஆய்வு வளத்தைத் தமிழ் மாணவன் ‘தென்னை’ எனத் தேடினும், சிங்கள மாணவன் ‘பொல்’ எனத் தேடினும், இருவரும் ஒரே பொருளை அடைதல் வேண்டும். பாளையைத் தேடுவோன் அது தென்னையின் உறுப்பென்பதை அத்தொகுதியிலிருந்தே அறிதல் வேண்டும். உள்ளூர்ப் பெயர்களை அடிக்குறிப்பாக ஒதுக்காது உறவின் ஒரு முனையாக ஏற்கும் தொகுதியே இதற்கு உதவும். அதனை ஆக்குவதற்குக் கணினி அறிஞர் மட்டும் போதார். தாழை எவ்விடத்துத் தெங்கு, எவ்விடத்து முட்செடி என்று பிரித்தறியத்தக்க தமிழ் மாணவரும் வேண்டும்.