பின்லாந்தின் பித்தளை, கண்ணாடி விளக்குகள்: ஒரு மதிப்பீடு

1930-களிலிருந்து 1950-களின் இறுதிவரை பின்லாந்தில் செய்யப்பட்ட பித்தளை, கண்ணாடி விளக்குகள் இன்று ஏலங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. வாங்குவோர் அவற்றைச் சிற்பம்போல மதிக்கிறார்கள். ஆனால் டிசம்பர் இறுதியில் ஹெல்சிங்கியில் பகல் 6 மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. குளிர்காலம் முழுக்கப் படிப்பும் சாப்பாடும் பேச்சும் விளக்கடியில்தான். அப்படிப்பட்ட ஊரின் விளக்கை எடைபோடும்போது, எரிகையில் அது கண்ணுக்கு இதமாக இருக்கிறதா, வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழுகிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தால் சந்தை போட்டிருக்கும் தரவரிசை பல இடங்களில் தலைகீழாகிறது.

இந்தத் தொழிலின் மையத்தில் நிற்பவர் பாவோ டியூனெல் (1890–1973). வேறு சிலரோடு சேர்ந்து அவர் 1918-இல் தொடங்கிய தைத்தோ நிறுவனம் முதலில் பலவகை உலோகப் பொருள்களைச் செய்தது. நாளடைவில் விளக்கே அதன் அடையாளமாயிற்று. 1931-இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் டியூனெலின் விளக்குகள் சென்றன. கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோவுடன் பைமியோ காசநோய் மருத்துவமனையிலும் வீபுரி நூலகத்திலும் கிடைத்த அனுபவம் இந்தப் பட்டறைக்குப் பெரிய பாடம். படுத்திருக்கும் நோயாளியின் கண்ணில் பல்பு நேராகப் படக்கூடாது, வாசிப்பவரின் கை புத்தகத்தின்மேல் நிழலிடக்கூடாது என்பவை போன்ற கறாரான தேவைகளிலிருந்து அங்கே வடிவங்கள் பிறந்தன.

துளையிட்ட பித்தளைக் கூடு இவர்களின் சிறந்த உத்தி. துளையில்லாத உலோகக் கூட்டின் வெளிப்புறம் இருண்டும் வாய்ப்பகுதி பளீரென்றும் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கண்ணை உறுத்தும். சிறு துளைகள் கூட்டின் சுவரையே இலேசாக ஒளிரச் செய்து அந்த வேறுபாட்டைத் தணிக்கின்றன. பித்தளை நீல ஒளியைவிட மஞ்சளையும் சிவப்பையும் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். உட்சுவரில் பட்டு வரும் வெளிச்சம் அதனால் மேலும் கதகதப்பாகிறது. சவோய் உணவகத்துக்காக ஆல்ட்டோ 1937-இல் வடிவமைத்த பித்தளை மணி விளக்கில் விளிம்புத் துளைகள் மட்டுமே அலங்காரம். அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. மேசைமேல் வெளிச்சம், முகங்களில் மென்மை, விளிம்பில் ஓர் ஒளி வளையம்: மூன்றையும் ஒரே தகடு செய்து முடிக்கிறது. இந்தக் காலத்து விளக்குகளில் இதைவிடச் சிக்கனமான தீர்வைக் காண்பது அரிது.

டியூனெலின் பிற்காலச் சரவிளக்குகளில் இந்தச் சிக்கனம் குலைகிறது. பித்தளை இலைகளும் பனித்துகள் வடிவங்களும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் அவை கைவேலையின் உச்சம் என்பதில் ஐயமில்லை. தகட்டை வெட்டி, துளையிட்டு, பற்றவைத்து முடிக்கக் கைப்பழக்கம் மிகுந்த வேலையாட்கள் வேண்டும். ஆயினும் பல்பின் வெளிச்சத்தில் பெரும்பங்கு கூரைக்குப் போகிறது. மீதியை இலைகள் மறிக்கின்றன. கீழே உட்கார்ந்து படிக்க இன்னொரு விளக்கு வேண்டும். ஒரு வாட்டுக்குச் சுமார் 12 லூமன் மட்டுமே தந்த குண்டு பல்பின் காலத்தில் இது சிறிய இழப்பல்ல. 1948-இல் நியூயார்க்கின் பின்லாந்து மாளிகைக்கு அவர் செய்த விளக்குகள் அமெரிக்கச் சந்தையைத் திறந்துவிட்டன. நாட்டின் பெயரும் பரவியது. அதே ஆண்டுகளில் பின்லாந்து சோவியத் ஒன்றியத்துக்குப் போர் இழப்பீடு கட்டிக்கொண்டிருந்தது. அது 1952-இல்தான் தீர்ந்தது. இழந்த கரேலியாவிலிருந்து வந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வீடு கட்டித்தர வேண்டியிருந்தது. அந்த வீடுகளுக்கு இந்தச் சரவிளக்குகள் போகவில்லை. எல்லோருக்குமான வடிவமைப்பு என்று பின்லாந்துக்குப் பின்னாளில் கிடைத்த புகழை இவற்றோடு சேர்ப்பது பொருந்தாது.

அந்தப் புகழுக்கு உண்மையான உரிமை லிசா யொஹான்சன்-பாபேக்கு (1907–1989) உண்டு. ஸ்டாக்மன் அங்காடிக்குச் சொந்தமான ஓர்னோ தொழிற்சாலையில் 1940-களிலிருந்து வேலை செய்த அவர், வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் விளக்கமைத்தார். வெளிச்சத்தின் பயனே முதல் அளவுகோல், உருவம் அதற்குப் பின்னால்தான் என்பதில் உறுதியாக இருந்தார். ஈத்தலா கண்ணாடித் தொழிற்சாலையோடு சேர்ந்து செய்த தொங்கு விளக்குகள் அவரது வலிமை. பால் நிறக் கண்ணாடி ஒளியில் ஒரு பகுதியை விழுங்கினாலும், பல்பு என்னும் கூர்மையான புள்ளியை அகன்ற மென்பரப்பாக மாற்றிவிடுகிறது.

கண்ணாடிக்கும் குறைகள் உண்டு. பால் நிறக் கோளம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒளிர்வதால் அறை தட்டையாகத் தெரியும். பல்பு வலுத்தால் கோளமே கண்ணைக் கூசவைக்கும். ஊதிச் செய்யப்படும் கூடுகள் ஒன்றுக்கொன்று இம்மியளவு மாறுபடும் என்பதால், ஒன்று உடைந்தால் அதற்குச் சரியாகப் பொருந்தும் மாற்று கிடைப்பது கடினம். ஆல்ட்டோவின் 1953-ஆம் ஆண்டுத் தேன்கூட்டு விளக்கு உலோக வளையங்களை அடுக்கி, கண்ணாடியே இல்லாமல் கூச்சத்தைத் தடுத்தது. ஓர்னோவின் வடிவமைப்பாளர் யூக்கி நும்மி 1955-இல் கண்ணாடியிலிருந்து அக்ரிலிக்குக்கு மாறினார். அதனால் விளக்கின் எடை குறைந்தது.

தைத்தோவை 1953-இல் இட்மன் நிறுவனம் வாங்கியது. இன்றைய பழம்பொருள் சந்தையில் தைத்தோ, இட்மன், ஓர்னோ முத்திரைகள் விலையை முடிவுசெய்கின்றன. முத்திரை தேய்ந்த துளைப் பித்தளை விளக்குகளை எல்லாம் டியூனெல் கணக்கில் எழுதும் வழக்கம் பிறரின் உழைப்பை மறைக்கிறது. வாங்குவோர் முத்திரையோடு கம்பியையும் பார்க்க வேண்டும்: பழைய ரப்பர் உறைகள் இறுகி வெடித்திருக்கும். பல விளக்குகளில் நில இணைப்பே இல்லை. கம்பியை மாற்றாமல் எரிப்பது ஆபத்து.

ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் 2012 வரை படிப்படியாகக் குண்டு பல்புகளை விலக்கியதில் அதிகம் பாதிக்கப்பட்டவை துளைப் பித்தளை விளக்குகள்தாம். அவை சிறிய, சூடான இழை ஒன்றை மனத்தில் வைத்துக் கணக்கிடப்பட்டவை. பனிபோல் மங்கலாக்கிய எல்இடி பல்பைப் பொருத்தினால் துளைகளின் ஒளிப்புள்ளிகள் மங்குகின்றன. அடிப்பாகம் பிளாஸ்டிக்காக இருந்தால் கூட்டின் ஒரு பக்கமே இருண்டுவிடுகிறது. பால் கண்ணாடிக் கூடுகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. பித்தளை விளக்குகளுக்குத் தெளிந்த கண்ணாடியும் இழை வடிவமும் கொண்ட, மஞ்சள் சாயல் மிகுந்த எல்இடியே ஓரளவு ஈடுகொடுக்கிறது.